பதினாலாம் வளைவில் ரெண்டு பீடி

"சாயங்காலம் அஞ்சு மணிக்குச் சங்கிலியப் போட்டுப் பூட்டிருவேன். அப்புறம் தை மாசந்தான் தொறப்பேன். நல்லா யோசிச்சுட்டு ஏறுங்க!"

வனச்சாவடிக் காவலர் சென்றாயன் குடைக்குள் நின்றபடியே இதை மூன்றாவது முறையாகச் சொன்னார். அவருக்குப் பின்னால் மஞ்சக்கொம்பு மலை இடுப்பு வரைக்கும்தான் தெரிந்தது. அதற்கு மேலே மேகம். காலை ஏழு மணி. ஆடி மாதத்துச் சாரல் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது.

யோசிக்கத் தவமணியிடம் ஒன்றும் மிச்சமில்லை. இருபத்தைந்து வருடமாக யோசித்தாயிற்று. அவள் மடியில், பாலித்தீன் பைக்குள், பழுப்பேறிப்போன ஒரு தாள் இருந்தது. அவளுடைய அப்பா லாரி டிரைவர் மொக்கராசு சாவதற்கு முன்னால் கைப்பட எழுதியது.

கதை இதுதான். மலை உச்சியில் மேல்பாறை எஸ்டேட் என்று ஒன்று இருந்தது. அதை மூடியபோது அங்கே வேலை பார்த்த குடும்பங்களை எல்லாம் லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்து விட்டவர் மொக்கராசு. கடைசி நடையில் அவர் தனியாக ஏற்றி வரவேண்டியது, எஸ்டேட் மாரியம்மனின் ஐம்பொன் சிலை. அன்றைக்குப் பார்த்து மலை சரிந்தது. மூன்றாம் நாள் மொக்கராசு நடந்தே வந்து சேர்ந்தார். லாரி இல்லை, அம்மனும் இல்லை, உடம்பு அனலாகக் கொதித்தது. "அம்மன் பத்திரமா இருக்கு. இத ஒரு டிரைவர்கிட்டக் குடு" என்று மனைவி கையில் இந்தத் தாளைத் திணித்தார். மறுநாள் போய்விட்டார்.

ஊர் வேறு மாதிரி பேசியது. அம்மனை விற்றுத் தின்றவன் என்றது. அன்றிலிருந்து தவமணியின் அம்மா கோயில் வாசலை மிதிக்கவில்லை. அம்மன் இருக்கவேண்டிய இடத்தில் இன்றைக்கும் மஞ்சள் பூசிய ஒரு செங்கல்தான் இருக்கிறது. தாளையாவது ஒரு டிரைவரிடம் கொடுத்தார்களா என்றால் அதுவும் இல்லை. சித்தப்பா பிடுங்கிக்கொண்டார். புதையல் படம் என்று நினைத்து மூன்று தடவை மலையேறி, எஸ்டேட் பங்களாவைத் தோண்டிப் பார்த்துவிட்டு, தாளைத் தன் டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டார். சித்தப்பா போன மாதம் காலமானார். பெட்டியைத் திறந்தார்கள். தாள் கைக்கு வந்தது.

நாளை ஆடி வெள்ளி, ஊரில் சப்பரம். இன்றைக்கு விட்டால் தை வரைக்கும் வழியில்லை. தைக்குள் இன்னும் எத்தனை இடம் சரியுமோ!

"கெளம்பலாம்ல மாயக்கா?" என்று அவசரப்படுத்தினான் ஜக்கையன். தவமணியின் கணவன். செல்போன் கடை வைத்திருப்பவன். ஒரு வேலையை ஆரம்பிக்கும்போதே முடிந்துவிட்டதா என்று பார்க்கிற ரகம்.

மாயக்கா ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தாள். நாற்பத்தாறு வயது. மலைக்கிராமங்களுக்கு அரிசி மூட்டையிலிருந்து பிரசவ வலிக்காரி வரைக்கும் ஏற்றிப் போகிறவள். அடியிலிருந்து வந்தாள், நான்கு டயரையும் விரலால் தடவிப் பார்த்தாள், ஒன்றில் கொஞ்சம் காற்றைக் குறைத்தாள், வைப்பரைத் தட்டினாள், கண்ணாடியின் உட்பக்கம் ஷாம்பு தொட்ட துணியால் துடைத்தாள். ஜக்கையனுக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊறியது.

"அக்கா, ஷாம்பு போட்டு வண்டிக்குத் தலைமுழுக வைக்கிறீங்களா?"

"ஆவி பிடிக்காம இருக்கத் தம்பி. மேல போனதும் நாம விடுற மூச்சே கண்ணாடிய மறைச்சுரும். அப்ப நீ சொல்லுவ, முன்னால என்னா இருக்குன்னு." ஏறி உட்கார்ந்தாள். "சரி தவமணி, அந்தத் தாள வாசி. எல்லாரும் பொதையல் பொதையல்ங்குறாங்களே."

தவமணி வாசித்தாள்.

"ஏறும்போது. தரைப்பாலம், எறங்கிப் பாத்துப் போ. ஏழுல மூணு ஆரன். பதினொண்ணுல தண்ணி. பதினாலுல ரெண்டு பீடி. பதினெட்டுல ஒண்ணாம் கியரு. பங்களா. எறங்கும்போது. பதினெட்டுல ஒரு பீடி. பதினொண்ணுல ஒரு பீடி. அஞ்சுல ஒரு பீடி. தரைப்பாலம், எறங்கிப் பாத்துப் போ."

மாயக்கா சிரித்துவிட்டாள். "இது பொதையல் படமா? இது ஒரு டிரைவரு இன்னொரு டிரைவருக்கு எழுதுன ரோட்டுக்குறிப்பு! நம்பரெல்லாம் கொண்டை ஊசி வளைவு. ஒங்க சித்தப்பாவுக்குச் சைக்கிளாவது ஓட்டத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"அதான்" என்று சொல்லிச் சாவியைத் திருப்பினாள்.

தரைப்பாலத்தில் தண்ணீர் கணுக்கால் அளவுதான் ஓடியது. ஆனாலும் மாயக்கா இறங்கி, கம்பு ஒன்றை ஊன்றிக்கொண்டு அந்தக் கரை வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தாள். நடுவில் குழி இருந்தால் தண்ணீர் அதை மூடி மறைத்துவிடும் என்றாள். முதல் கியரில், ஆக்சிலேட்டரில் வைத்த காலை எடுக்காமல், ஒரே சீராகக் கடந்தாள். அக்கரையில் பிரேக்கை நாலைந்து தரம் லேசாக மிதித்து ஈரத்தை உலர்த்தினாள். அதன் பிறகுதான் ஏற்றம்.

ஏழாவது வளைவில் மூன்று ஆரன் ஏன் என்பது அங்கே போனதும் விளங்கியது. பாறை அப்படியே ரோட்டுக்கு மேல் துருத்தி நின்று எதிரே வருவதை முழுக்க மறைத்தது. மாயக்கா மூன்று முறை நீளமாக அடித்துவிட்டுக் காதைத் தீட்டினாள். பதில் ஆரன் இல்லை, ஆனால் ஒரு காட்டெருமை சாவகாசமாக ரோட்டைவிட்டு இறங்கியது! தவமணிக்கு அப்பாவின் நினைப்பு வந்தது. சின்ன வயதில் இதே ரோட்டில், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஆரன் கயிற்றை இழுத்தவள் அவள்தான்.

பதினொன்றில் பாறை இடுக்கிலிருந்து ஊற்று ஒன்று விழுந்தது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அதற்கு மேல் மேகத்துக்குள் நுழைந்தார்கள். பத்தடிக்கு அந்தப் பக்கம் உலகம் இருப்பதாகவே தெரியவில்லை.

"பெரிய லைட்டப் போடுங்கக்கா!" என்றான் ஜக்கையன்.

"போட்டா வெள்ளச் சுவரு மாதிரி மேகந்தான் தெரியும். லைட்டத் தாழ்த்தித்தான் போடணும். நீ தலைய வெளிய நீட்டி ரோட்டு ஓரத்தப் பாத்துச் சொல்லு. ஓரத்துல புல்லு தெரியுற வரைக்கும் நாம ரோட்டுல இருக்கோம்."

ஜக்கையன் நனைந்துகொண்டே "புல்லு... புல்லு... புல்லு..." என்று ஓதிக்கொண்டு வந்தான்.

"பதினாலு" என்றாள் தவமணி. "ரெண்டு பீடி. நிப்பாட்டணுமாக்கா?"

மாயக்கா தலையை ஆட்டினாள். ரோடு அந்த இடத்தில் செங்குத்தாக ஏறியது, மேலெல்லாம் ஈர இலை. "இங்க நிப்பாட்டுனா சக்கரம் வழுக்கிட்டுச் சுத்தும், திரும்ப எடுக்க முடியாது. ஒங்கப்பா ஏன் இங்க நிக்கச் சொன்னாருன்னு வெளங்கல. வரும்போது பாப்போம்." ஜீப் முனகிக்கொண்டே மேலேறியது.

பதினொரு மணிக்குப் பங்களா வந்தது. கூரை இல்லை, கதவு இல்லை. தரை முழுக்கச் சித்தப்பா வெட்டிய குழிகள், ஒவ்வொன்றிலும் மழைத்தண்ணீர். பின்னால், இடுப்பளவு புல்லுக்குள் லாரி நின்றது.

தவமணி ஓடினாள். முகப்பு துருப்பிடித்துச் சல்லடையாகிவிட்டது. ஸ்டியரிங்கில் கொடி சுற்றியிருந்தது. அவள் அதைத் தொட்டாள், கதறி அழுதாள். ஜக்கையன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு இரண்டு பேருமாக லாரியை அங்குலம் அங்குலமாகத் தேடினார்கள். கேபின், சீட்டுக்கு அடி, டூல்ஸ் பெட்டி, எங்கேயும் அம்மன் இல்லை.

மாயக்கா மட்டும் சக்கரத்தடியில் குனிந்திருந்தாள். முன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து ஒரு இரும்புக் கட்டை கிடந்தது. ஆப்பு மாதிரி சரிந்த வடிவம். பக்கவாட்டில் 'மொ.ரா' என்று வெல்டிங் எழுத்து. "இந்த மாதிரி ரெண்டு இருக்குமே" என்றாள்.

"ஆமாக்கா, ரெண்டு உண்டு. வண்டி எடுக்கும்போதெல்லாம் அதத் தூக்கி உள்ள போடுறது என் வேல. ஒரு தடவ கல்ல முட்டுக் குடுத்துட்டு ரோட்டுலயே விட்டு வந்துட்டேன். ரெண்டு வளைவு தாண்டுன பெறகு ஞாபகம் வந்துச்சு. அப்பா வண்டிய ஓரங்கட்டிட்டு நடந்தே திரும்பிப் போயி அந்தக் கல்ல எடுத்துத் தள்ளிப் போட்டுட்டு வந்தாரு. பின்னால வர்றவன் அதுல ஏறிக் கவுந்தா யாரு பொறுப்புன்னு கேட்டாரு."

"அப்பிடிப்பட்ட மனுசன் ஒரு கட்டைய எங்கயோ விட்டுட்டு வந்திருக்காரு" என்று முணுமுணுத்தாள் மாயக்கா. கட்டையைத் தூக்கி, ஒரு சாக்கில் சுற்றி ஜீப்பின் பின்னால் வைத்தாள். மழை வலுத்தது. கிளம்ப வேண்டிய நேரம்.

தவமணி ஜீப்பில் ஏறினாள். அம்மாவிடம் என்ன சொல்வது? வாசல்படியில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். வெறுங்கையோடு போய் நின்றால் அவள் ஒரு வார்த்தையும் கேட்கமாட்டாள்.

"எறக்கந்தானே அக்கா, நியூட்ரல்ல விட்டா சல்லுன்னு போயிரலாம்" என்றான் ஜக்கையன்.

"சல்லுன்னுதான் போவோம். எங்கங்கறதுதான் கேள்வி" என்றாள் மாயக்கா. "எந்தக் கியருல ஏறுனமோ அந்தக் கியருலதான் எறங்கணும். இஞ்சினே வண்டியப் பிடிச்சுக்கிரும். பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வந்தா அது காஞ்சு போயி, வேணுங்குறப்பக் கையை விரிச்சுரும்."

பதினெட்டில் ரோடு கொஞ்சம் சமமாக இருந்த இடத்தில் ஜீப்பை நிறுத்தினாள். முன் சக்கரத்தின் பக்கம் லேசாகத் தீய்ந்த வாடை வந்தது. "ஒரு பீடி. ஒங்கப்பாவுக்கு எம்புட்டு நேரம்?"

"எட்டு நிமிசம்" என்றாள் தவமணி உடனே. "கைக்கடியாரத்தப் பாத்துக்கிட்டே இருப்பேன். நடுவுல பேசுனா ஒம்பது."

மூன்று பேரும் எட்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மழை கூரையில் தாளம் போட்டது. தாளில் இறங்கும்போது எழுதியிருந்த மூன்று பீடியும் பிரேக் ஆறுவதற்குத்தான் என்பது தவமணிக்குப் புரிந்தது. ஏழெட்டு வயதில் அப்பா புகைக்கத்தான் நிறுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் சக்கரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது இப்போதுதான் கண்ணில் வந்தது.

திடீரென்று நிமிர்ந்தாள்.

"மாயக்கா! பிரேக்கு எறங்கும்போதுதானே சூடாகும்?"

"ஆமா."

"அப்ப ஏறும்போது எதுக்குப் பதினாலுல ரெண்டு பீடி?"

மாயக்காவின் கை ஸ்டியரிங்கில் அப்படியே நின்றது. மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். "ஏறும்போது பிரேக்குக்கு வேலையே இல்ல... அங்க தண்ணியும் இல்ல. புத்தியுள்ள எந்த டிரைவரும் அந்த ஏத்தத்துல நிக்கமாட்டான். அத வாசிச்சதும் ஒரு டிரைவருக்குத்தான் உறுத்தும். அடியாத்தி! அதுக்குத்தான் டிரைவர்கிட்டக் குடுன்னு சொல்லிருக்காரு! இன்னொரு கட்டையும் அங்கதான் கிடக்கும்!"

"ஓட்டுங்கக்கா, வேகமா!" என்று கத்தினான் ஜக்கையன்.

"வேகமா ஓட்டமாட்டேன்" என்றாள் மாயக்கா. சொன்னபடியே நான்கு வளைவையும் எறும்பு மாதிரி ஊர்ந்து இறங்கினாள். தவமணி ஒவ்வொரு வளைவையும் விரல்விட்டு எண்ணினாள். ஆனால் ஒரு வார்த்தை அவசரப்படுத்தவில்லை.

பதினாலில் மாயக்கா முதலில் மேலே அண்ணாந்து பார்த்தாள். மண் சரியும் அறிகுறி இல்லை. மலையோரமாக ஒதுக்கி, சக்கரத்தை மலைப்பக்கம் ஒடித்து, கைபிரேக் போட்டு, ரிவர்ஸ் கியரிலேயே விட்டாள். ஜக்கையன் இறங்கிப் பெரிய கல்லாகப் பார்த்து முட்டுக் கொடுத்தான். பச்சைக் கிளை ஒன்றை ஒடித்து இருபதடி மேலே ரோட்டில் போட்டாள் மாயக்கா. இந்த மழையில் வேறு எவன் வரப்போகிறான் என்று ஜக்கையன் கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டான்.

"ஏறும்போது டிரைவர் கதவு மலைப்பக்கம் தவமணி. கதவத் தொறந்து எறங்குனா நேரா பாறைதான். அங்க தேடு!"

தவமணி பாறையைத் தடவிக்கொண்டே நடந்தாள். பாசி, பெரணி, வழியும் தண்ணீர். நெஞ்சுயரத்தில் பெரணிக்குள் கை போனது. கையில் பட்டது பாறையில்லை, அடுக்கி வைத்த கல். ரோடு போட்ட காலத்தில் வெடிமருந்து வைப்பதற்காகப் பாறையில் குடைந்த பொந்து அது. வாயைக் கற்களால் அடைத்து, கடைசியில் ஆப்பாக ஒன்று இறுக்கப்பட்டிருந்தது. அவள் பாசியைச் சுரண்டினாள். துருவுக்கு நடுவில் 'மொ.ரா' தெரிந்தது.

"அப்பா!" என்று அலறினாள்.

மூன்று பேரும் சேர்ந்து கட்டையை அசைத்து அசைத்து உருவினார்கள். கற்கள் உதிர்ந்தன. உள்ளே தார்ப்பாய்ச் சுருட்டு. அதற்குள் அவருடைய காக்கிச் சட்டை. சட்டைக்குள், ஒரு முழ உயரத்தில், மாரியம்மன். கழுத்தில் தாலிப் பொட்டுகூட அப்படியே இருந்தது.

ஜக்கையன் நனைந்த ரோட்டிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"கீழ ரோடு சரிஞ்சதும் வண்டியத் திருப்பிக்கிட்டு மேல வந்திருக்காரு" என்றாள் மாயக்கா குரல் கம்ம. "ஆளில்லாத பங்களாவுல கதவு ஜன்னலக் கழட்டத் திருட்டுப் பயலுக வந்து நின்னது அப்ப எல்லாருக்கும் தெரியும். அங்க கொண்டு போனா அம்மன் தங்காது, சரிஞ்ச மண்ணுல சொமந்துக்கிட்டு எறங்கவும் முடியாது. அதான் இங்க, ஒருத்தனும் நிக்காத எடத்துல வச்சிருக்காரு."

கிளம்பும்போது தவமணி, முட்டுக் கொடுத்த கல்லையும் பச்சைக் கிளையையும் தானே எடுத்து ஓரமாகப் போட்டாள்.

பதினொன்றில் ஒரு பீடி. ஐந்தில் ஒரு பீடி. மூன்றேகாலுக்குத் தரைப்பாலம் வந்தது. ஆனால் பாலத்தைக் காணோம்! காலையில் கணுக்கால் நனைத்த தண்ணீர் செம்மண் நிறத்தில் கரை தொட்டு ஓடியது. ஒரு முழு மரக்கிளை அவர்கள் கண்ணெதிரே உருண்டு போனது.

எறங்கிப் பாத்துப் போ என்று எழுதியிருந்தது. மாயக்கா இறங்கிப் பார்த்தாள், கம்பை ஊன்றினாள், கம்பு கையை விட்டுப் பறிபோனது. விளிம்பில் ஒரு கல்லை அடையாளம் வைத்துவிட்டுத் திரும்பி வந்து இஞ்சினை அணைத்தாள். "போக முடியாது."

தவமணி கடிகாரத்தைப் பார்த்தாள். சங்கிலி போட இன்னும் ஒண்ணே முக்கால் மணி நேரம். இருபத்தைந்து வருடம் காத்திருந்தாயிற்று, இப்போது மடியில் அம்மன் இருக்கும்போது காத்திருக்க முடியவில்லை. "ஜீப்பு கனமான வண்டிதானேக்கா? ஒரே மூச்சுல போயிரலாம்ல?" என்று அவள்தான் கேட்டாள்.

பதில் சொன்னது ஜக்கையன். "வேணாம் தவமணி. ஒங்கப்பா இவள நனைய விடாமச் சட்டையக் கழட்டிச் சுத்திட்டு, வெறும் மேலோட மழையில நடந்து வந்து செத்தாரு. நாம இவளத் தண்ணியில விட்டுட்டுப் போயி நிக்கவா? சாவடி பூட்டுனா பூட்டிட்டுப் போகட்டும். இங்கயே கெடப்போம்."

தவமணி கணவனை ஏற இறங்கப் பார்த்தாள். காலையில் ஷாம்புக்குக் கிண்டல் செய்தவனா இவன்! மாயக்கா கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

மேலே மழை விட்டது. நான்கு மணிக்கு அடையாளக் கல் ஈரத்தோடு வெளியே தெரிந்தது. நாலரைக்குத் தண்ணீர் ஒரு முழம் இறங்கியது. ஜக்கையன் நச்சரிக்கவில்லை, கல்லுக்குக் கல் குறி வைத்து அளந்து சொல்லிக்கொண்டிருந்தான். நான்கு ஐம்பதுக்குப் பாலத்தின் இரண்டு விளிம்பும் தெரிந்தன. மாயக்கா வேறொரு கம்போடு மறுபடி நடந்து போய்விட்டு வந்தாள். முதல் கியர், சீரான கால். அக்கரை!

சாவடியை அடைந்தபோது ஐந்து பத்து. சங்கிலி தொங்கவில்லை. சென்றாயன் குடையோடு ரோட்டு நடுவில் நின்றார்.

"ஓடை பொங்குற சத்தம் கேட்டுச்சு" என்றார். "மாயக்கா அந்தத் தண்ணியில எறக்கமாட்டா, அந்தப் பக்கமே நிப்பான்னு தெரியும். அதான் பூட்டல." பிறகு தவமணியின் மடியைப் பார்த்தார். குடை அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது.

ஊருக்குள் சேதி ஜீப்புக்கு முன்னால் ஓடியது. பூசாரி வந்தார், தலைவர்கள் வந்தார்கள், அன்றைக்குப் பேசிய வாயெல்லாம் வந்தன. தவமணி யாரிடமும் நிற்கவில்லை. நேரே வீட்டுக்குப் போய், வாசல்படியில் உட்கார்ந்திருந்த அம்மாவின் மடியில் காக்கிச் சட்டையோடு அம்மனை வைத்தாள். அம்மா அம்மனைப் பார்ப்பதற்கு முன்னால் சட்டையை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டாள். அவள் அழுது முடிக்கும் வரை ஊரே தெருவில் தலைகுனிந்து நின்றது.

மறுநாள் ஆடி வெள்ளி. செங்கல் இருந்த இடத்தில் அம்மன் ஏறினாள். சாயங்காலம் சப்பரம் புறப்பட்டது. அதற்கு முட்டுக் கொடுக்க, துருவைத் தேய்த்து எண்ணெய் தடவிய மொக்கராசுவின் இரண்டு இரும்புக் கட்டைகளையும் ஜக்கையன் தோளில் சுமந்து பின்னாலேயே போனான். அந்த வேலையை வேறு ஒருவருக்கும் அவன் கொடுக்கவில்லை. மாயக்கா கூட்டத்தில் நின்று, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அடுத்தவர் ஓட்டுகிற வண்டியை வேடிக்கை பார்த்தாள். "அவசரப்படாம இழுங்கப்பா, போய்ச் சேர்றதுதான் கணக்கு" என்று அங்கேயும் அவளால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சப்பரம் மொக்கராசு வீட்டு வாசலுக்கு வந்தது. ஜக்கையன் ஓடிப்போய்ச் சக்கரத்தில் கட்டையைக் கொடுத்தான். தேங்காய் உடைத்து, தீபாராதனை காட்டி, பூசாரி கையை உயர்த்தினார். "எடுக்கலாமா தாயி?" என்று மொக்கராசுவின் மனைவியைக் கேட்டார். இருபத்தைந்து வருடத்தில் அவளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி.

அம்மா நிமிர்ந்து அம்மனைப் பார்த்தாள். பிறகு சக்கரத்தடியில் கிடந்த கட்டையைப் பார்த்தாள்.

"என்ன அவசரம்?" என்றாள். "ரெண்டு பீடி நேரம் நிக்கட்டும்."